காப்பு கட்டிய வீட்டில் ஒரு கேன் கரும்புச்சாறு

முதல் கேனைக் கொட்டியது நான்தான். யாரும் சொல்லவில்லை, யாரும் மிரட்டவில்லை. செத்துவிட்டது என்று நானே முடிவு செய்து, கொல்லைப்புறச் சாக்கடையில் சாய்த்தேன். அந்த ஒரு காரியத்துக்காக மட்டும்தான் எனக்கு என் மேலேயே கோபம். மற்றதற்கெல்லாம் கோபம் மற்றவர்கள் மேல்தான்.

நாங்கள் செட்டிகுளத்தை ஒட்டிய ஊரில் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள். அந்த வருடம் விலை விழுந்துவிட்டது. வயலில் படல் கட்டி, மேலே கீற்று போட்டு, காற்றோட்டமாகக் குவித்து வைத்திருந்த வெங்காயம் முளை விட ஆரம்பித்திருந்தது. அந்தச் சமயத்தில் ஒருநாள் பெரம்பலூரில் ஒரு ஓட்டலில் சாப்பிடும்போது, வினிகரில் ஊறிய சின்ன வெங்காயத்தைத் தட்டு ஓரத்தில் வைத்தார்கள். இளஞ்சிவப்பாக, கடித்தால் நறுக்கென்று இருந்தது. எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். வெங்காயம் நம்மூர்தான், வினிகர் மட்டும் கேனில் வருகிறது என்றார் சப்ளையர். கேனைக் காட்டினார். அது வெறும் ஆசிட்டில் தண்ணீர் கலந்தது. எங்கள் வெங்காயத்தை எங்கள் கண் முன்னால் வீணாக விட்டுவிட்டு, எவனோ கலக்கிய ஆசிட்டுக்கு இந்த மரியாதையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரும்புச்சாற்றிலிருந்து வினிகர் செய்யலாம் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எறையூர் பக்கம் என் அண்ணன் கரும்பு போட்டிருந்தார். கேட்பானேன்? ஒரு கட்டு வாங்கிவந்து, ஜூஸ் வண்டிக்காரரிடம் எலுமிச்சையும் ஐஸும் போடாமல் பிழிந்து வாங்கி, கொதிக்க வைத்து, ஆறவைத்து, தண்ணீர் கேனில் ஊற்றி, பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட்டைப் போட்டேன். வினிகர் ஆவதற்கு முன்னால் அது ஒருமுறை மதுவாகித்தான் தீரும் என்பதை வீடியோக்காரர் போகிற போக்கில் சொன்னார். நானும் போகிற போக்கில்தான் கேட்டுக்கொண்டேன்.

என் தப்பு எங்கே தொடங்கியது என்றால், இட்லி மாவு கரைத்துப் பழகிய கையால் தொடங்கியது. மாவு பொங்கினால் ஆயிற்று, பொங்கியது அமுங்கினால் கெட்டது. இதைத் தவிர புளிப்பைப் பற்றி எனக்கு வேறு கணக்கு தெரியாது. கேனில் நுரை முதல் நாள் கழுத்து வரை ஏறியது. பூரித்துப் போனேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நுரை அத்தனையும் அமுங்கி, மேலே அழுக்கு வளையம் மட்டும் இருந்தது. மூடியில் துளை போட்டு டிரிப்ஸ் டியூபைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டிருந்தேன். அந்த டியூபில் ஒரு குமிழிகூட வரவில்லை. அமுங்கின மாவை யாராவது வைத்திருப்பார்களா? கொட்டிவிட்டேன்.

கொட்டிய பிறகுதான் வாசனை தெருவைப் பிடித்தது. பக்கத்து வீட்டு ஆடு சாக்கடை ஓரத்தில் நக்கிவிட்டு, நடு ரோட்டில் கால் பரப்பிப் படுத்துக்கொண்டு, மினிபஸ் ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. எங்கள் வீட்டில் சாராயம் ஊறுகிறது என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள். நான் ஊருக்கே பால் அளக்கிறவள், என்னைச் சொல்லாமல் விடுவார்களா?

பால் அளக்கிறவள் என்றால் உண்மையிலேயே அதுதான் என் வேலை. ஊர்ப் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் கறந்து வருகிற பாலில் மீட்டரை மிதக்கவிட்டு, எவ்வளவு கெட்டி என்று பார்த்து எழுதுவேன். பாலில் தண்ணீர் சேர்ந்தால் மீட்டர் அமுங்கும். கெட்டியாக இருந்தால் நிமிர்ந்து நிற்கும். அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு அத்தை, மாமன் தெரியாது. எனக்கும் அந்த நேரத்தில் தெரியாது. என் வீட்டுக்காரருடைய அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கொண்டுவருகிற பாலையும் மீட்டர் போட்டுத்தான் வாங்குவேன். ஒருமுறை மீட்டர் சற்று அதிகமாகவே அமுங்க, நான் இருந்ததை இருந்தபடி எழுதிவிட்டேன். "மாடு தண்ணி நெறைய குடிச்சுருக்கும்மா" என்றார். "அதைக் குடத்துலயே குடிச்சுருச்சு போலருக்கு மாமா" என்றேன். அதிலிருந்து எங்களுக்குள் கொஞ்சம் உரசல் உண்டு.

ஆடு படுத்துக் கிடந்த அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. செத்துப்போன சாறு ஆட்டைச் சாய்க்குமா? அப்படியென்றால் உள்ளே வேலை நடந்துதான் இருக்கிறது. கேன் மூடியைத் திருகிப் பார்த்தேன். மரை தேய்ந்து, காற்றெல்லாம் பக்கவாட்டில் போயிருக்கிறது. குமிழி வராததற்குக் காரணம் ஒழுகுகிற மூடி. நுரை அமுங்கியதற்குக் காரணம், அவசரமெல்லாம் தீர்ந்து ஈஸ்ட் நிதானமாகச் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்தது. நான் மாவைப் பார்க்கிற கண்ணால் அதைப் பார்த்து, உயிரோடு இருந்ததைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன்.

மறுபடி கரும்பு வாங்கினேன், மூடியையும் மாற்றினேன். இந்த முறை அடுப்படி மூலையில், அத்தையின் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், எல்லாருடைய கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தேன். அத்தை என் மாமியார். அடுப்படி அவருடைய ராஜ்ஜியம். "எங்கன வச்சா என்ன, நாறத்தான் போவுது" என்று அனுமதி கொடுத்தார்.

சொசைட்டியில் புதுசு வந்தபின் ஓரங்கட்டிய பழைய மீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். கேனிலிருந்து உயரமான ஒரு டம்ளர் நிறையச் சாறு எடுத்து அதில் மீட்டரை விட்டேன். சர்க்கரை அவ்வளவு இருந்ததால் மீட்டர் இறங்கவே மறுத்து, கோடு போட்ட தண்டு முழுக்க வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பாலில் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. கோடுகளுக்கும் கீழே, சாறு தொட்ட இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன்.

டியூபில் குமிழி வந்தது. முதலில் படபடவென்று, பாட்டிலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி வந்தது. அத்தைகூட வேலைக்கு நடுவில் நின்று பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பிறகு நின்றது.

"செத்துருச்சுடி. கொட்டிப்புட்டு கேனைக் கழுவு, தண்ணி புடிக்கணும்" என்றார் அத்தை.

நான் மீட்டரை விட்டேன். முந்தின நாள் நின்ற இடத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அடுத்த நாளும் விட்டேன். இன்னும் இறங்கியிருந்தது. குமிழி இல்லை, நுரை இல்லை, சத்தம் இல்லை, ஆனால் மீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கேன் சாற்றுக்கு அழுகிறாளே என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்து, செத்துப்போச்சு என்று சொல்லிவிடுகிற ஊரில் வாழ்ந்தவளுக்குத்தான் அந்த அழுகை புரியும்.

பிறகு ஒருநாள் மீட்டர் முழுகியே போனது. சும்மா தண்ணீரில் விட்டால்கூட அதன் தலை வெளியே தெரியும். இதில் தலையும் தெரியவில்லை. பார்த்தவுடன் புரிந்துவிட்டது. தண்ணீரைவிட இலேசான ஒன்று உள்ளே இருக்கிறது. இனிப்பு அத்தனையும் போதையாகிவிட்டது. மூடியைக் கழற்றி, வாயில் மெல்லிய வேட்டித் துணியைக் கட்டி, வீடியோவில் சொன்னபடி ஆன்லைனில் வாங்கிய உயிருள்ள வினிகரை உறைமோர் மாதிரி கொஞ்சம் சேர்த்து வைத்தேன். இனி காற்றுப் பட்டுப் பட்டு அது புளிக்க வேண்டும். அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த நேரம் பார்த்து ஊரில் மாரியம்மனுக்குக் காப்பு கட்ட நாள் குறித்தார்கள்.

காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை வீட்டில் கறி மீன் கூடாது, தாளிக்கக் கூடாது, மது வாசற்படி ஏறக் கூடாது. மாமா விழாக் கமிட்டியில் இருக்கிறார். அவரே தீச்சட்டி எடுக்க வேண்டியவர். அவருடைய மனைவி காலமாகிப் பல வருடமாகிறது, எங்களோடுதான் இருக்கிறார். என் வீட்டுக்காரர் அரியலூர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஆகவே வீட்டை அம்மனுக்குச் சுத்தம் செய்து காட்டுகிற பொறுப்பு மாமா தலையில் இருந்தது.

வீடு கழுவிவிட்ட அன்று அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்தக் கேன்ல என்னா இருக்கு?"

"கரும்புச்சாறு மாமா. புளிக்குது."

"வினிகருதானே? வினிகருன்னு ஒரு வார்த்தை சொல்லிப்புடு. கமிட்டில கேட்டா நான் பேசிக்கிறேன்."

அவர் எனக்கு வழிதான் காட்டினார், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அந்த நிமிடமே விஷயம் முடிந்திருக்கும். எனக்குத்தான் நாக்கு வளையவில்லை. மீட்டர் முழுகியதைப் பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"இன்னும் ஆவலை மாமா. இப்ப அது போதைதான். போவப் போவ வினிகர் ஆவும்."

"எப்ப ஆவும்?"

"தெரியலை."

அவர் முகம் கறுத்தது. "அப்பக் கொட்டிடு. ஆத்தா வர்ற வூட்டுல இதை வச்சுக்கிட்டு நான் எப்படிக் காப்பு கட்டுறது? போலீஸுக்கு எவனாச்சும் போன் போட்டான்னா மானமும் போவும்."

"ஆத்தாளுக்கு ஊத்துற கூழும் புளிச்சதுதானே மாமா?"

"கூழு குடிச்சுட்டு எவன் ரோட்டுல வுழுந்து கெடந்தான்?"

 அவர் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவரிடம் சண்டை போடுவது கஷ்டம். ஆனாலும் போட்டேன்.

"கொட்ட மாட்டேன் மாமா. ஒரு தடவை கொட்டி ஊர்ப் பேரு வாங்குனது போதும். இப்பக் கொட்டுனா அது சாராயமாத்தான் சாக்கடைக்குப் போவும். வினிகர் ஆவுறதுக்கு அதுக்கு நாள் வேணும்."

என் வீட்டுக்காரர் போனில் வந்தார். "அண்ணன் சொல்றதைக் கேட்டாத்தான் என்னா? சாமி காரியம்ல" என்றார். மதுவைக் கொட்டு என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல்முறை. போனை வைத்துவிட்டேன்.

கேனோடு நானும் போகிறேன், வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, கேனை மொபட்டின் முன்னால் வைத்துக் கயிறு கட்டி, எங்கள் வயலுக்குப் போய்விட்டேன். வயலில் ஒரு மோட்டார் கொட்டகை உண்டு. கட்டில் உண்டு, லைட் உண்டு, தண்ணீருக்குக் குறைவில்லை. பால் சொசைட்டிக்கு அங்கிருந்து இன்னும் பக்கம். போகும்போது அத்தை தூக்குவாளியில் சோற்றைப் போட்டு ஹேண்டிலில் மாட்டிவிட்டார்.

கேனை வைக்க இடம் வேண்டி ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் கிடந்த வெங்காயச் சாக்கை இழுத்தேன். கண்ணாடிச் சத்தம் கேட்டது. உள்ளே பாட்டில்கள். சிலது முழுசு, சிலது பாதி. பாதிப் பாட்டில்களின் கழுத்தில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. எங்கே போனாலும் குடித்து மிச்சம் வைத்த பாட்டிலில் என் வீட்டுக்காரர் அப்படித்தான் சுற்றி வைப்பார். மற்றவை மாமாவுடையவையாகத்தான் இருக்க வேண்டும். காப்பு கட்டுவதற்கு முன்னால் ஆண்கள் எல்லாரும் "வயலுக்குப் போயிட்டு வரேன்" என்று ஒரு நடை போய் வருவது எனக்குத் தெரியும். நான் இத்தனை வருடமாக அதைத் தண்ணீர் பாய்ச்சுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு சுத்தமாவது இப்படித்தான். திருவிழா முடிந்த மறுநாள் அத்தனையும் அதே சாக்கில் வீடு திரும்பும்.

தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்தபின் கோபம் வந்தது. என் கேனைக் கொட்டச் சொன்ன வாயா இது? எனக்கு உட்காரச் சாக்கு வேண்டியிருந்தது. பாட்டில்களை எடுத்துக் கேனுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வைத்துவிட்டு, சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டேன்.

காப்பு கட்டினார்கள். மைக் செட் பாட்டு வயல் வரைக்கும் கேட்டது. நான் பால் அளந்தேன், முளைத்த வெங்காயத்தைப் பொறுக்கினேன், துணியை விலக்கிக் கேனை மோந்து பார்த்தேன். கொட்டகையில் பகல் சூடு தாங்கவில்லை. இப்படியே விட்டால் உள்ளே இருக்கிறது வெந்து வீணாகிவிடும் என்று கவலையாக இருந்தது. அடுப்படி மூலைதான் அதற்குச் சரியான இடம்.

மாவிளக்கு போட வேண்டிய நாள் காலையில் மாமா வந்தார். வீட்டுக்கு ஒரே மருமகள் நான். மாவிளக்கு மருமகள் கையால்தான் போக வேண்டும், இது எங்கள் வீட்டு வழக்கம். என்னைக் கூப்பிடாமல் அவருக்கு வழியில்லை. மஞ்சள் வேட்டி, கையில் காப்புக் கயிறு. கொட்டகை வாசலில் செருப்பில்லாமல் நின்றார். கூடவே அரியலூரிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரர்.

"வாம்மா, வூட்டுக்குப் போவலாம். அம்மா அரிசி ஊறப்போட்டுருச்சு."

"கேனும் வரும் மாமா."

"அது இங்கயே இருந்துட்டுப் போவட்டும். யாரு பாக்கப் போறா? நீ மட்டும் வா."

சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். பாட்டில் வரிசையைப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் பார்த்தார், உடனே மோட்டார் ஓடுகிறதா என்று ஆராய்கிறவர் மாதிரி மேலே பார்த்தார்.

நான் குரலை உயர்த்தவில்லை. "இதை நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா. உங்க பாட்டிலு, உங்க சாமி, நீங்களே பேசிக்கங்க. ஆனா ஒளிச்சு வைக்கிற எடத்துல என் கேனு இருக்காது. உங்களுது மூடி போட்டு சாக்குக்குள்ள இருந்துச்சு. என்னுது வாய் தொறந்து கெடக்கு. என்னா இருக்குன்னு கேட்டீங்க, இருக்கறதைச் சொன்னேன். அதுக்குத்தான் எனக்கு இந்தக் கொட்டகையா?"

அவர் கையிலிருந்த காப்புக் கயிற்றைத் திருகினார். கோபத்தில் கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சாமி கேட்டா என்னான்னு சொல்றது?" என்றார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு அவர் மேல் பாவமாகக்கூட இருந்தது, ஆனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"நானே சொல்லிக்கிறேன் மாமா. மாவிளக்கு என் கையிலதானே இருக்கும்."

அவர் தம்பியிடம் திரும்பினார். "வண்டியில வச்சு மெதுவா உருட்டு. குலுங்குனா கலங்கிடும்."

அந்தக் கேன் பிற்பாடு நல்ல வினிகராகத்தான் ஆனது. அதைச் சொல்லி என் பக்கம் நியாயம் தேட எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கு அது வினிகர் இல்லை. ஆகாமலே கெட்டுப்போயிருந்தாலும் நான் அன்றைக்கு அப்படித்தான் நடந்திருப்பேன்.

வீட்டுக்காரர் மொபட்டை உருட்ட, நான் கேனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். கோயில் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே பொம்பளைகள் கூட்டமாக நின்றார்கள். மாமா எங்களுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனார். ஆடு வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்.

"என்னாக்கா, கேன்ல என்னா கொண்டாறீங்க?"

என் வீட்டுக்காரர் "தண்ணி, தண்ணி" என்று முணுமுணுத்தார். நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கூட்டம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இன்னைக்குக் குடிச்சா போதை ஏறும். வுட்டு வச்சா வினிகர் ஆவும். நான் வுட்டு வைக்கப் போறேன். வெங்காயம் ஊறப்போட்டதும் ஒரு கிண்ணம் எடுத்துக்கிட்டு வா, தரேன்."

 வீட்டு வாசலில் அத்தை ஈரக் கையோடு நின்றிருந்தார். கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய் அரிசி டிரம்மை ஒரு பக்கமாக நகர்த்தினார்.

"இருந்த எடத்துலயே வையி" என்றார். "வச்சுட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வா. மாவு இடிக்கணும்."